கூரைக்காரி

கண்ணு எரியுதா தம்பி? எனக்கும் எரியுது. ஊதுபத்திப் புகை. வண்டி எடுக்கும்போதே டிரைவர் சாமி படத்துக்கு ஒரு கத்தையைக் கொளுத்திச் சொருகிட்டாரு. மத்த நாள்ல காத்தோட போயிரும், தெரியாது. இன்னைக்கு மழைக்கு அம்புட்டு ஷட்டரையும் எறக்கி விட்டுருக்கா, உள்ளயே சுத்துது. நம்ம ஷட்டரைத் தூக்கலாம்தான். தூக்குனா சாரல் நேரா என் மேல வந்து விழும். சட்டை காலையிலதான் தேச்சுப் போட்டது. ஒரு கூட்டத்துக்குப் போறேன், அதான் பாக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கங்க.

நீங்க எங்க, நத்தத்துக்கா? கல்யாணமா. பந்திக்குப் போயிரலாம், கவலைப்படாதீங்க. கண்டக்டர் எறங்கிப் பாலத்தைப் பாக்கப் போயிருக்காரு. தரைப்பாலத்துக்கு மேல தண்ணி போகுதாம். மாசி மாசம் தம்பி. மாசியில இந்தப் பாலம் முங்கி நான் பாத்ததில்ல, அறுபத்து மூணு வயசாகுது எனக்கு. மா பூத்து நிக்கிற நேரம். இந்த அடிக்கு ஒரு பூ தங்காது.

நான் போறது ஊத்துப்பட்டி. பாலம் தாண்டி மூணாவது ஸ்டாப்பு. பதினோரு மணிக்குக் கூட்டம். இப்ப மணி என்ன? பத்தே முக்காலா. சரி.

என் பேரு தெய்வசிகாமணி. பேருலதான் தெய்வம், எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் கெடையாது. ஊத்துப்பட்டிப் பள்ளிக்கூடத்துல முப்பத்தோரு வருசம் வேலை பாத்தேன். ஊர்ல என்னையச் சயின்ஸ் சாருன்னுதான் கூப்பிடுவாங்க. வாத்தியாரான்னு கேட்டா, வாத்தியார் இல்ல. லேப் அசிஸ்டென்ட். குடுவை கழுவுறது, பூட்டு தெறக்கிறது, படம் மாட்டுறது. ஆனா அதை ஊர்ல யாரும் கேக்கல, நானும் சொல்லல. சாருன்னு கூப்பிட்டா காதுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. அங்கதான் தம்பி எல்லாம் ஆரம்பிச்சது. சாருன்னு கூப்பிட்டுட்டா ஏதாவது சொல்லணும்ல.

பதினோரு வருசம் இருக்கும். அப்ப மூணு வருசமா மழை இல்ல. கெணறெல்லாம் தூரு தெரியுது. ஊர்ல பொம்பளைக சேந்து மழைச்சோறு எடுத்தாங்க. தெரியாதா? வீடு வீடாப் போயி உப்புப் போடாத சோறு வாங்கிட்டு வந்து, ஊர் மந்தையில, அதான் பொதுத் திடல்ல, கொட்டிப் பெசஞ்சு தின்னுட்டு, 'மழையில்லாத ஊர்ல எங்களுக்கு என்ன வேலை, நாங்க போறோம்'னு அழுதுக்கிட்டே ஊர் எல்லை வரைக்கும் நடப்பாங்க. யாராவது போயித் தடுத்துக் கூட்டிட்டு வரணும். அப்படியும் பெய்யல. அதுக்கு மேல கொடும்பாவி. வைக்கோல்ல ஒரு ஆளு செஞ்சு, தெருத்தெருவா இழுத்துட்டுப் போயி, மாருல அடிச்சு ஒப்பாரி வச்சு, கடைசியில எரிச்சுருவாங்க. எவனோ ஒருத்தன் பண்ணுன பாவத்துக்குத்தான் வானம் மூடிக்கிருச்சுன்னு கணக்கு. அந்த எவனோவுக்குப் பேரு வைக்க மாட்டாங்க. அதுதான் வழக்கம்.

அந்த வருசம் பேரு வச்சுட்டாங்க. வாயால சொல்லல. கொடும்பாவிக்கு வெள்ளைச் சட்டை மாட்டி, அதுக்கு மேல செங்கப்பொடியைப் பூசி, சட்டைப் பையில ரெண்டு பேனாவைச் சொருகி இழுத்துட்டு வந்தாங்க. ரெண்டு பேனா வைக்கிற ஆளு ஊர்ல ஒருத்தருதான். தனுஷ்கோடி. காளவாசல் வச்சிருந்தாரு. காளவாசல்னா செங்கச் சூளை தம்பி, எங்க பக்கம் அப்படிச் சொல்லுவோம். வந்து மூணு வருசம். அவரு வந்ததும் மழை நின்னதும் ஒண்ணா ஆகிப்போச்சு. 'சுடாத பச்சைக்கல்லு காயணும்னு மழையைக் கட்டிப்புட்டான்'னு பேச்சு. காளவாசலுக்கு அடியில மண்பொம்மை பொதைச்சு வச்சிருக்கானாம், அது இருக்கிற வரைக்கும் மேகம் எறங்காதாம். ஒரு வேலைக்காரன் பாத்தேன்னான். பொம்மைக்குக் கண்ணு கூட இருந்துச்சுன்னான்.

தனுஷ்கோடி என் வீட்டுக்கு வந்தாரு. காரை வெளிய நிப்பாட்டிட்டு, செருப்பைக் கழத்திட்டு உள்ள வந்தாரு. 'சார், நீங்க சயின்ஸ் படிச்சவுக. மனுசன் மழையைக் கட்ட முடியுமா? ஊர்க் கூட்டத்துல நீங்க ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும்'னாரு. நான் காசு கீசு வாங்கல தம்பி. சத்தியமா வாங்கல. வீடு கட்டும்போது கல்லு அவருட்டதான் எடுத்தேன், அது ஊர்ல எல்லாரும் எடுக்கிறதுதான். கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுத்தாரு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.

கூட்டம் மந்தையில. சாயங்காலம். மேடைன்னு ஒண்ணும் இல்ல, ஆலமரத்தடியில நாலு நாற்காலி. தலைவருக்கு ஒண்ணு, தனுஷ்கோடிக்கு ஒண்ணு, பெரியவர் ஒருத்தருக்கு ஒண்ணு. நாலாவது எனக்கு. பள்ளிக்கூடத்துல முப்பத்தோரு வருசம், எனக்குன்னு ஒரு ஸ்டூலு தவிர எதுவும் கெடையாது. ஹெட்மாஸ்டரே அன்னைக்குக் கீழதான் நின்னாரு. நான் உக்காந்திருந்தேன்.

முதல்ல வெள்ளைத்தாயி எந்திரிச்சா. காளவாசலுக்கு மேக்க அவளுக்கு ஏழு மாமரம். கல்லாமை ரகம், நல்ல காய்ப்பு. புருசன் செத்ததுக்குப் பெறகு அந்த ஏழு மரம்தான் அவளையும் அவ மகளையும் காப்பாத்துச்சு. பள்ளிக்கூடம் போகாத பொம்பளை. மடியிலருந்து ஒரு மாங்காயை எடுத்துக் காட்டுனா. மூக்குப் பக்கம் பூராவும் கருத்துப்போயி, தீயில காட்டுன மாதிரி இருந்துச்சு. 'மூணு வருசமா இப்படித்தான் வருது. காளவாசல்ல முந்திரித் தோடும் பழைய டயரும் போட்டு எரிக்கிறாக. புகை படிஞ்ச பக்கம்தான் கருகுது, காளவாசலுக்கு மறுபக்கம் இருக்கிறவுக மரம் நல்லா இருக்கு. முன்னயெல்லாம் விடியக்காலம் பனி எறங்கும், புல்லுல கால் நனையும். இப்ப இல்ல. ராத்திரியில சூடு எறங்கவே மாட்டேங்குது. பொம்மை பொதைச்சாகளா இல்லையா எனக்குத் தெரியாது சாமி. புகை வானத்தை என்னமோ பண்ணுது, அதான் எனக்குத் தெரியும்.' இவ்வளவுதான் சொன்னா. நெதானமாத்தான் சொன்னா.

கவனிச்சீங்களா? பொம்மை தெரியாதுன்னா. கூட்டத்துல அன்னைக்கு மூடநம்பிக்கை இல்லாம பேசுன ஒரே ஆளு அவதான். இதை இப்ப சொல்றேன். அன்னைக்கு எனக்கு அது காதுல ஏறல.

நான் எந்திரிச்சேன். சட்டைப் பையிலருந்து ஒரு ஊதுபத்தியை எடுத்தேன். வீட்டுலயே யோசிச்சு வச்சுட்டுத்தான் போயிருந்தேன். கொளுத்தினேன். தூக்கிப் பிடிச்சேன். 'இதான் காளவாசல்'னேன். 'மேல இருக்கே, அதான் வானம். புகை எங்க போகுது பாருங்க. ஆலமரத்தைத் தாண்டிச்சா? தாண்டல. அதுக்குள்ள காணாமப் போச்சு. வானம் எவ்வளவு பெருசு, இது எவ்வளவு? மனுசனால வானத்தை ஒண்ணும் பண்ண முடியாது. மழையைக் கட்டவும் முடியாது, அவுக்கவும் முடியாது.' அம்புட்டுப் பேரும் அண்ணாந்து பாத்தாங்க. ஊதுபத்தி புகையுது, காத்து அடிக்குது, புகை போன எடம் தெரியல. கண்ணால பாத்துட்டாங்கல்ல. அதுக்கு மேல யாரு என்ன சொல்ல முடியும்?

அவ சொன்னா. உக்காராம நின்னுக்கிட்டேதான் இருந்தா. 'சார், வெட்டவெளியில கொளுத்துனீக, போயிருச்சு. கூரைக்குள்ள கொளுத்துனா?'

தம்பி, நான் லேப்ல வேலை பாத்தவன். இப்படி ஒரு கேள்வியை எந்தப் பையனும் முப்பத்தோரு வருசத்துல கேட்டு நான் கேட்டதில்ல. அதுக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'வானத்துக்கு எவ வந்து கூரை போட்டா? நீ போட்டியா ஆத்தா?'

ஊரே சிரிச்சுச்சு. பொம்பளைகளும் சிரிச்சாங்க, கொடும்பாவி இழுத்த பொம்பளைக. தனுஷ்கோடி சிரிச்சு சிரிச்சு ரெண்டு பேனாவும் கீழ விழுந்துருச்சு. அவ உக்காந்துட்டா. மாங்காயை மறுபடி மடியில வச்சுக் கட்டிக்கிட்டா.

மறுநாள்லருந்து அவளுக்குப் பேரு கூரைக்காரி. சின்னப்பிள்ளைகள்லருந்து பால்காரன் வரைக்கும். 'கூரைக்காரி வீட்டுக்குப் பக்கத்துல'ன்னு அடையாளம் சொல்லுவாங்க. மகளைப் பொண்ணு பாக்க வந்தவங்க காதுலயும் அது விழுந்துச்சு. 'ஆத்தாளுக்கு மண்டையில ஏதும் கோளாறா'ன்னு கேட்டாங்களாம். அந்தப் பேரை வச்சது நான்தான். ஊர்ல இன்னும் அதைப் பெருமையாத்தான் எங்கிட்டச் சொல்லுவாங்க, 'சார் வச்ச பேரு'ன்னு.

இருங்க, கண்டக்டர் வர்றாரு. என்னங்க, எப்ப வடியும்? ம். அரைமணி நேரமாவது ஆகும்கிறாரு. அதான் நெனச்சேன்.

ஒண்ணு சொல்லிடுறேன். ஒரு காளவாசல் மழையை நிறுத்தாது. அந்த விசயத்துல நான் சொன்னது சரிதான். அடுத்த ரெண்டாவது மாசமே மழை பெஞ்சுச்சு, அடியில பொம்மை இருந்துச்சோ இல்லையோ. ஊர்ல என்னையத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடுனாங்க. அந்தச் சரியைத்தான் நானும் ரொம்ப வருசம் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்.

நாலு வருசம் கழிச்சு. நான் ரிட்டையர் ஆகுறதுக்கு ரெண்டு வருசம் இருக்கு. ஜெசிந்தான்னு ஒரு டீச்சர் புதுசா வந்தாங்க. ஒருநாள் அவுகளுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. 'அண்ணே, அந்தப் படத்துல கீழ எழுதியிருக்கிறதைப் பிள்ளைகளுக்கு வாசிச்சுக் காட்டுங்க'ன்னாங்க. செவுத்துல பூமிப்படம் ஒண்ணு, சுத்தி நீலமா ஒரு கோடு. நான்தான் ஆணி அடிச்சு மாட்டினேன். பதினாலு வருசமா வாரத்துக்கு ஒரு தடவை துணியால தொடைச்சிருக்கேன். வாசிச்சதில்ல. தொடைக்கிறவனுக்கு வாசிக்கிற வேலை இல்லையே.

வாசிச்சேன். 'பூமியை ஒரு மாங்கனியின் அளவுக்குச் சுருக்கினால், அதைச் சுற்றியுள்ள காற்று அக்கனியின் தோல் அளவே இருக்கும். நாம் வெளிவிடும் புகையில் பெரும்பகுதி இந்தத் தோலுக்குள்ளேயே தங்குகிறது.'

நின்னுட்டேன். ஜெசிந்தா டீச்சர், 'என்னண்ணே, எழுத்து தெரியலையா'ன்னாங்க. கண்ணாடி அழுக்கா இருக்கும்மான்னேன்.

தோலு தம்பி. வானம் எம்புட்டுப் பெருசுன்னு நான் கையை விரிச்சுக் காட்டினேனே, அது தோலு. கூரை. அவ கேட்டது அதைத்தான். அதுக்கப்புறம் டீச்சர்கிட்ட ஒண்ணொண்ணாக் கேட்டேன். ஒரு காளவாசல் ஒண்ணும் பண்ணாதுதான், ஆனா உலகம் பூராவும் எத்தனை காளவாசல், எத்தனை வண்டி, எத்தனை கரண்டு ஆலை, எல்லாம் ஒரே கூரைக்குள்ள இருநூறு வருசமாக் கொளுத்துறதுன்னாங்க. சூடு வெளிய போக முடியாம நிக்குது, மழை பெய்ய வேண்டிய மாசத்துல பெய்யாம வேண்டாத மாசத்துல கொட்டுதுன்னாங்க. மாங்காயைப் பத்திக் கேட்டேன். செங்கச் சூளைப் புகை பட்டா மாங்காய்க்கு மூக்குக் கருகும், அதுக்கு நோயின்னே பேரு இருக்கு, புத்தகத்துல போட்டுருக்குன்னாங்க. எடுத்துக் காட்டுனாங்க. அவ மடியிலருந்து எடுத்த அதே மாங்காய். படமாப் போட்டிருந்துச்சு.

அந்தப் புத்தகம் எங்க இருந்துச்சு தெரியுமா? எங்க லேப் அலமாரியில. சாவி என் இடுப்புல.

அன்னைக்குச் சாயங்காலமே அவ வீட்டுக்குப் போயிருக்கணும். பள்ளிக்கூடத்துலருந்து பத்து நிமிச நடை. நாளைக்கின்னு நெனச்சேன். நாளைக்கு, நாளானைக்கு, பொங்கல் கழியட்டும், பரீட்சை முடியட்டும். எனக்கே வேடிக்கையா இருக்கு, ஒரு கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொல்றதுக்கு ஏழு வருசமா மனுசன் சாக்குத் தேடுவான்?

அதுக்குள்ள அவ மரத்தை வெட்டிட்டா. ஏழையும். காய்க்காத மரத்தை வச்சு என்ன செய்ய. வெட்டுன வெறகு எங்க போச்சு? காளவாசலுக்குத்தான் போச்சு. அவளும் அங்கதான் போனா, பச்சைக்கல்லு சொமக்க. எந்தப் புகையைச் சொன்னாளோ அந்தப் புகையில. ஊர்ல அதுக்கும் சிரிச்சாங்க.

ரெண்டு வருசத்துக்கு முன்னால ஒருநாள் நத்தம் சந்தையில எதுக்க வந்துட்டா. நான் திரும்பி நடந்தேன். 'சார்'னு கூப்பிட்டா. நிக்க வேண்டியதாப் போச்சு. வார்த்தைக்கு வார்த்தை இருமுறா. 'சார் நல்லா இருக்கீகளா. ரிட்டேடு ஆயிட்டீகளாமே'ன்னா. கோவம் இருக்கும்னு நெனச்சேன். இல்ல தம்பி. கோவமா இருந்திருந்தா தேவலாம். 'சார், அன்னைக்குக் கூட்டம் முடிஞ்சு போகையில சொன்னீகள்ல, அது சத்துக் கொறைச்சல், மரத்துக்குச் சத்து உப்பு வையின்னு. ரெண்டு வருசம் வச்சேன் சார், கம்மலை வித்து வாங்கி வச்சேன். கேக்கலை. நான்தான் அளவு தப்பா வச்சுட்டேனோன்னு இருக்கு'ன்னா.

என்னைய நம்பியிருக்கா. ஊரே கூடி அவளைப் பாத்துச் சிரிக்க வச்சவனை நம்பியிருக்கா. நானும் அன்னைக்குச் சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னதுதான் அது. நாற்காலியிலருந்து எறங்கி வரும்போது, ஏதாவது சொல்லணுமேன்னு.

அப்பச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியும்ல அப்ப, படத்தை வாசிச்சு அஞ்சு வருசமாச்சு. அளவு தப்பில்ல தாயி, நான்தான் தப்புன்னு சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன்? 'மண்ணு சரியில்லம்மா'ன்னேன். முதல் தடவை தெரியாமச் சொன்னேன். ரெண்டாவது தடவை தெரிஞ்சே சொன்னேன். அவ தலையை ஆட்டிக்கிட்டா. 'அப்படித்தான் இருக்கும் சார்'னா. நாக்கைப் புடுங்கிக்கிட்டுச் சாகலாம் போல இருந்துச்சு. சாகல. ரெண்டு கிலோ தக்காளி வாங்கிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.

இன்னைக்குக் கூட்டம் என்னன்னா, தனுஷ்கோடி ரெண்டாவது காளவாசல் போடப் போறாரு. முன்னதை விடப் பெருசு. பள்ளிக்கூடத்துக்கு நேர் பின்னால. அவ மனுக் குடுத்திருக்கா, காலம் போன காலத்துல, யாரையோ எழுதச் சொல்லி, கைநாட்டு வச்சு. அவ ஒருத்திதான். வேற ஒருத்தரும் கூட வைக்கல, கூரைக்காரி மனுன்னு யாரும் சீந்தல. ஆனாலும் மனு வந்துட்டா விசாரிக்கணும்ல, அதிகாரி வர்றாரு. ஊர்க்காரங்க சொல்றதைக் கேட்டு எழுதிட்டுப் போயிருவாரு. இன்னைக்கு எழுதுறதுதான் எழுத்து.

முந்தாநாள் தனுஷ்கோடி போன் போட்டாரு. 'சார், பழைய மாதிரி ரெண்டு வார்த்தை. அந்த ஊதுபத்தியையும் கொண்டாந்துருங்க, நல்லா எடுபடும்'னாரு.

சரின்னேன்.

அப்படிப் பாக்காதீங்க தம்பி. வாய் சரின்னுச்சு, மனசுல வேற. அங்க போயி நிசத்தைச் சொல்றதுன்னுதான் கெளம்பினேன். வீட்டம்மாகிட்டயும் சொன்னேன். அவ, 'எட்டு மணி பஸ்சைப் பிடிங்க, அப்பத்தான் நேரத்துக்குப் போக முடியும்'னா. எட்டு மணிக்குச் சட்டை தேச்சேன். ஒம்போதுக்குக் கண்ணாடியைத் தேடினேன், அது சட்டைப் பையிலதான் இருந்துச்சு. ஒம்போதே முக்காலுக்கு இந்த வண்டி வந்துச்சு. அதுல ஏறினேன். மழை வேற.

என்ன, கண்டக்டர் என்னமோ சொல்றாரே? தண்ணி முழங்காலுக்குத்தானா. அவசரமானவங்க எறங்கிக் கயித்தைப் பிடிச்சு நடந்துரலாமாம், அங்கிட்டு நத்தம் பஸ் ஒண்ணு திரும்பிப் போக நிக்குதாம். பாருங்க, எறங்குறாங்க. அந்தம்மா கூடையோட எறங்குது. நாலஞ்சு பேரு போயிட்டாங்க.

எனக்கு முழங்கால் வலி இருக்கு. அதோட பேண்டு நனைஞ்சுரும். நனைஞ்ச பேண்டோட அதிகாரி முன்னால நின்னா நல்லாவா இருக்கும்?

ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன் தம்பி. சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன். நீங்க ஊர் தெரியாதவரு, இன்னும் கொஞ்ச நேரத்துல எறங்கிப் போயிருவீங்க. உங்ககிட்ட இல்லைன்னா யாருகிட்டச் சொல்ல.

அன்னைக்குக் கூட்டத்துல கூரையைப் பத்திச் சொன்னதோட நான் நிறுத்தல. எல்லாரும் சிரிச்சாங்கன்னு சொன்னேன்ல. சிரிப்பு நின்னுருச்சு. நின்னதும் எனக்கு இன்னும் வேணும்னு இருந்துச்சு. அவ ராத்திரி சூடு எறங்கலன்னு சொன்னால்ல, அதைப் பிடிச்சுக்கிட்டேன். 'நாப்பத்தஞ்சு தாண்டுன பொம்பளைக்கு ராத்திரியில வேர்க்கத்தான் செய்யும். அதுக்கு வானம் என்ன பண்ணும்? டாக்டரைப் போயிப் பாரு'ன்னேன். ஆம்பளைக விசிலடிச்சாங்க. அவ மக பக்கத்துல நின்னா, பதினேழு வயசுப் பிள்ளை. அவதான் ஆத்தா கையைப் பிடிச்சு உக்கார வச்சது. அந்தப் பிள்ளை என்னையப் பாத்துச்சு. என் லேப்ல பிளஸ் டூ படிச்ச பிள்ளை. மறுநாள்லருந்து லேப்புக்கு வரல. அதுக்கப்புறம் பள்ளிக்கூடத்துக்கே வரல.

நான் தெரியாமச் சொன்னேன், அறிவு அம்புட்டுத்தான் இருந்துச்சுன்னு இத்தனை வருசமா எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருக்கேன். வானத்தைப் பத்தித் தெரியாமச் சொன்னது வாஸ்தவம். இதை என்ன தெரியாமலா சொன்னேன்?

மணி என்ன தம்பி? பதினொண்ணு அஞ்சா. ஆரம்பிச்சிருப்பாங்க. நாற்காலி போட்டு வச்சிருப்பாரு தனுஷ்கோடி. அவ நின்னுக்கிட்டு இருப்பா. நான் வரலைன்னா ஒண்ணும் கொறைஞ்சு போகாது, அவருக்காகப் பேசாம இருந்தேன்ல, அதுவே பாதி நல்லது பண்ணுன மாதிரிதானே. என்ன சொல்றீங்க? நானா வேணும்னு நின்னேன்? மழை கட்டிப் போட்டுருச்சு. இந்த வானத்தை மனுசன் என்ன பண்ண முடியும்…

இப்ப என்ன சொன்னேன் நான்?

நீங்களும் கேட்டீங்கள்ல. அதே வார்த்தை. பதினோரு வருசம் கழிச்சு, அதே வாயி. அன்னைக்கு நாற்காலியில உக்காந்துட்டுச் சொன்னேன், இன்னைக்கு பஸ் சீட்டுல உக்காந்துட்டுச் சொல்றேன்.

கொஞ்சம் காலை ஒதுக்குங்க தம்பி. அந்தச் செருப்பை எடுங்க, உங்க காலுக்கிட்டதான் கெடக்கு. பேண்டைச் சுருட்டிக்கிறேன். கூட்டம் முடிஞ்சாலும் அதிகாரி காப்பி குடிச்சுட்டுத்தான் போவாரு. அவரு போயிட்டா மந்தையில ஆளுக இருப்பாங்க. ஆளுக போயிட்டா அவ இருப்பா. ரொம்பப் பேச வேண்டியதில்ல. 'கூரை இருக்கு தாயி, நீ சொன்னதுதான் சரி'ன்னு எல்லாருக்கும் கேக்கிற மாதிரிச் சொல்லணும். மத்ததை அவ மககிட்டச் சொல்லணும். அதை எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல.

கண்டக்டர், இருங்க, நானும் எறங்குறேன்.

தம்பி, அந்த ஷட்டரைத் தூக்கி விடுங்க. சட்டை நனைஞ்சா நனையட்டும், நான்தான் போறேன்ல. முதல்லயே தூக்கியிருக்கணும். பின்னால அந்தக் கொழந்தை நாம ஏறுனதுலருந்து இருமிக்கிட்டே இருக்கு.